ஷோவில் ஜெயிக்கும் நாய்க்கு முதுகு ஏன் சரிந்திருக்கிறது?

கேள்வி: கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் காவலுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்க நினைக்கிறோம். கோயமுத்தூரில் ஒரு பிரீடர் ‘சாம்பியன் லைன்’ என்று காட்டிய தாய்க்கும் தகப்பனுக்கும் முதுகு பின்பக்கம் சரிந்து, பின்னங்கால் பாதி மடங்கியே நிற்கிறது. அப்பா காலத்தில் எங்கள் களத்தில் கிடந்த, இதே இனத்து அல்சேஷனுக்கு முதுகு நேராக இருந்தது. எது சரியான நாய்? நடுவர்கள் ஏன் இப்படிப்பட்ட நாய்க்குப் பரிசு கொடுக்கிறார்கள்?

பதில்:

தோட்டக் காவலுக்கு உங்கள் அப்பா வளர்த்த நாயின் உடல்வாகுதான் சரி. ஆனால் நீங்கள் பார்த்த சரிவு முழுவதும் எலும்பில் இருப்பதாக உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். அதில் ஒரு பங்கு நாயை நிறுத்தும் விதத்தால் வருவது. இன்னொரு பங்கு பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இணை சேர்த்ததால் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், குட்டி வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

நிறுத்தும் விதத்தை முதலில் சொல்கிறேன். மற்ற பெரும்பாலான இனங்களை ரிங்கில், அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் ஷோ வளையத்தில், நான்கு காலும் சமமாக ஊன்றி நிறுத்துவார்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் தனி முறை. நடுவர் நிற்கும் பக்கத்துப் பின்னங்காலைப் பின்னால் இழுத்து வைத்து, மறுபக்கத்துப் பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் முன்னே வைப்பார் நாயைப் பிடித்திருக்கும் ஹேண்ட்லர். அப்படி நின்றால் எந்த நாய்க்கும் இடுப்பு தாழத்தான் செய்யும். அதே நாயை அவிழ்த்து விட்டு, அது தானாக நான்கு காலும் ஊன்றி நிற்கும்போது பாருங்கள். நல்ல நாயென்றால் முதுகு ஏறக்குறைய மட்டமாக வந்துவிடும். அப்போதும் சரிந்தே இருந்தால், பின்னங்கால் மடங்கி ஹாக் தரைக்குப் பக்கத்தில் கிடந்தால், அது எலும்பின் அமைப்பு. ஹாக் என்று ஷோக்காரர்கள் சொல்வது பின்னங்காலில் குதிகால் போலத் துருத்தி நிற்கும் மூட்டை.

இனி நடுவர் விஷயம். ஒரு வகுப்பு நாய்கள் வரிசையாக ரிங்குக்குள் வரும். எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்ப்பார் நடுவர். பிறகு ஒவ்வொன்றாக முன்னே வரவழைத்து, உதட்டைத் தூக்கிப் பல்வரிசை பார்ப்பார். மார்பின் ஆழம், தோள்பட்டை எலும்பு படுத்திருக்கும் கோணம், முதுகு, தொடைத்தசை எல்லாம் கையால் தடவிப் பார்ப்பார். ஆண் நாயென்றால் இரண்டு விரையும் இறங்கியிருக்கிறதா என்று சோதிப்பார். அதன் பிறகு நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்லி, முன்னும் பின்னும் கால் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். கடைசியில் வட்டமாக ஓடவிட்டுப் பக்கவாட்டு நடை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் தன் நடுவர்களிடம் எதிர்பார்க்கும் வேகம் மணிக்குச் சுமார் 25 நாய். ஆக, ஒரு நாய்க்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது.

அந்த இரண்டரை நிமிடத்தில், மட்டமான தரையில், கயிற்றில் பிடித்த நாயிடம் எது தெரியுமோ அதுதான் மார்க் வாங்கும். இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. அரைமணி நேரம் ஓடிய பிறகு மூச்சு எப்படி இருக்கும், சித்திரை வெயிலில் என்ன ஆகும், வரப்பு தாண்டிக் குதித்தால் கால் தாங்குமா, குட்டி போட ஆபரேஷன் வேண்டுமா, ராத்திரி அந்நியன் வேலி தாண்டினால் எதிர்த்து நிற்குமா, எதுவும் தெரியாது. நடுவரைக் குறை சொல்லி இதில் பயனில்லை. அவருக்குக் கொடுத்த நேரத்திலும் இடத்திலும் எவ்வளவு நேர்மையான ஆளுக்கும் இவ்வளவுதான் தெரியும்.

காங்கேயம் காளையை நம் பக்கத்து விவசாயி எப்படி வாங்குவார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையானாலும் கண்ணபுரம் சந்தையானாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், திமிலும் கொம்பும் பார்ப்பார். அதோடு விடமாட்டார், நடக்கவிட்டுப் பார்ப்பார், முடிந்தால் நுகத்தில் பூட்டியும் பார்ப்பார். அழகாக இருந்து ஏர் இழுக்காத காளையை இனவிருத்திக்கு விட்டவர்கள் நம் பட்டிகளில் குறைவு. நாய் ஷோவில் இல்லாதது அந்த நுகம்தான்.

ஜெர்மன் ஷெப்பர்டு கதையை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நன்றாகப் புரியும். 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்ற நாயை முதல் நாயாகப் பதிவு செய்தார். அங்கே ஆட்டு மந்தை வேலியில்லாத வயல்களுக்கு நடுவில் மேயும். நாய் மந்தையின் ஓரத்தில் நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக ஓடி, ஆட்டை வெள்ளாமைக்குள் இறங்கவிடாமல் காக்க வேண்டும். அந்த வேலைக்குக் குறைந்த களைப்பில் நெடுநேரம் ஓடும் துள்ளுநடை தேவை. அதனால்தான் உயரத்தைவிடச் சற்று நீளமான உடல், ஓரளவு கோணம் விழுந்த பின்னங்கால். வேலையிலிருந்து வந்த வடிவம் அது.

1920-களில் ஷோ நாய்கள் உயரமாகி, நீளமும் உயரமும் சமமான கட்டமாகிக்கொண்டு வந்தன. அதைத் திருத்த 1925-ல் ஸ்டெஃபானிட்ஸே க்ளோடோ ஃபான் பாக்ஸ்பெர்க் என்ற, உயரம் குறைந்து உடல் நீண்ட நாயை அந்த ஆண்டின் முதல் நாயாகத் தேர்ந்தெடுத்தார். நாடு முழுக்க இருந்த பிரீடர்கள் அந்த ரத்தத்தைத் தேடிப் போனார்கள். இனத்தின் உடல்வாகே அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு ரிங்கில் ஒரு மனிதர் நீட்டிய விரல் ஓர் இனத்தின் எலும்பை எவ்வளவு தூரம் நகர்த்தும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அன்று அது நல்ல திருத்தம்தான். ஆனால் திருத்தம் போதுமான இடத்தில் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதற்குப் பின்னங்காலின் கணக்கைப் பார்க்க வேண்டும். முட்டிக்கும் ஹாக்குக்கும் நடுவிலுள்ள கீழ்த்தொடை எலும்பு நீள நீள, கால் மடங்கும் கோணம் கூடும். கோணம் கூடினால், ஓடும்போது பின்பாதம் வயிற்றுக்கு அடியில் வெகுதூரம் முன்னே வந்து ஊன்றி, வெகுதூரம் பின்னே தள்ளும். பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நாய் தரையில் படாமல் மிதப்பது போலத் தெரியும். ரிங்கில் நீண்ட கயிற்றில் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் நாய் அந்த நடையைக் காட்டினால் கைதட்டல் எழும். நடுவரும் மனிதர்தான்.

அதற்கான விலை வேறு இடத்தில் தெரியும். நீண்ட எலும்பு என்றால் நீண்ட நெம்புகோல். அதை நேராகப் பிடித்து வைக்கத் தசைக்கும் தசைநாருக்கும் கூடுதல் பாரம். பின்னாலிருந்து பார்த்தால் ஹாக் இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று உரசப் பார்க்கும், ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் ஆடும். நேராக ஓடும்வரை சரி. சட்டென்று திரும்ப, குதிக்க, உழுத கட்டி மண்ணில் ஓட, கிணற்று மேட்டில் ஏற வேண்டுமென்றால் அந்தக் கால் தடுமாறும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்டாண்டர்டு, அதாவது இனம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த விதி, இப்படிக் கேட்கவே இல்லை. ஆண் நாய்க்குத் தோள்மேட்டு உயரம் 60 முதல் 65 சென்டிமீட்டர், எடை 30 முதல் 40 கிலோ. உடல் நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 சதவீதம் கூடுதல். முதுகு நேராகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். வாலுக்கு முன்னாலுள்ள இடுப்புப் பகுதி சுமார் 23 டிகிரி சரியலாம். இவ்வளவுதான். பாதி உட்கார்ந்த நிலையில் நாய் நிற்க வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. ஆனாலும் அமெரிக்க ஷோ வரிசை (வம்ச வழி) நாய்களில் பின்னங்கால் நீண்டு முதுகு சரிந்தது. ஜெர்மன் ஷோ வரிசையில் முதுகு நடுவில் மேல்நோக்கி வளைந்து பின்னே இறங்கியது. வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட வரிசைகளில் முதுகு பெரும்பாலும் நேராகவே தங்கியது. எழுத்தில் இருக்கும் ஸ்டாண்டர்டு ஏறக்குறைய ஒன்றுதான். பொறுக்கிய கண்தான் வேறு. 2016-ல் பிரிட்டன் ஆட்கள் மட்டுமில்லாமல் உலகமே பார்க்கும், அந்நாட்டின் கிரஃப்ட்ஸ் நாய் ஷோவில் இன முதலிடம் பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு, சரிந்த முதுகோடு தடுமாறி நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஜெர்மனியில் இனவிருத்திக்கு விடும் முன் இடுப்பு எக்ஸ்ரே கட்டாயம். 20 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் காட்டும் தேர்வும் உண்டு. அவ்வளவு கெடுபிடி இருந்தும் முதுகு வளைந்தது. காரணம், அந்தத் தேர்வுகளில் தேறினால் போதும். பரிசு என்னவோ ரிங்கில்தான். தேறிய நூறு நாயில் எதன் குட்டிக்கு விலை என்பதைத் தீர்மானிப்பது ரிங்.

இந்த நகர்வு எல்லா இனத்துக்கும் பொது. நடுவர் ஒரு நாயைத் தனியாக அளப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் நாயோடு ஒப்பிடுகிறார். ஸ்டாண்டர்டில் ‘ஆழமான மார்பு’ என்று இருந்தால், வரிசையில் ஆக ஆழமான மார்பு கண்ணில் முதலில் படும். ‘நீண்ட தலை’ என்றால் ஆக நீண்ட தலை. வென்ற நாயிடம் எல்லாரும் தங்கள் பெண்நாயைக் கொண்டுபோகிறார்கள். அடுத்த தலைமுறையில் சராசரியே அங்கே போய்விடுகிறது. மறுபடி அதில் ஓரத்தில் நிற்பது ஜெயிக்கிறது. இணை சேர்க்க விடும் ஒரு சாம்பியன் ஆண்நாய் சில ஆண்டுகளில் பல ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பனாகிவிடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால், 30 ஆண்டில் பத்துத் தலைமுறைக்கு மேல். தலைமுறைக்கு ஒரு டிகிரி மாறினாலே போதும்.

இது வெறும் ஊகமில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் செயின்ட் பெர்னார்டு நாய்களின் மண்டையோடுகள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சுமார் 120 ஆண்டுகாலத்தைச் சேர்ந்த 47 மண்டையோடுகளை அளந்து ஆராய்ந்ததில், காலம் போகப் போக மண்டை அகன்று, நெற்றிக்கும் மூக்குக்கும் இடையிலான இறக்கம் செங்குத்தாகி, புருவமேடு துருத்தியது தெரிந்தது. மூன்றும் ஸ்டாண்டர்டு விரும்பிய அடையாளங்கள்.

என் அனுபவத்தில் ஸ்டாண்டர்டை வாசிக்கும்போது ஒரு விஷயம் பார்த்தால் போதும்: எங்கே எண் இருக்கிறது, எங்கே வெறும் வார்த்தை இருக்கிறது. எண் இருக்கும் இடத்தில் உடல் கட்டுக்குள் நிற்கும். வார்த்தை இருக்கும் இடத்தில் நழுவும். லாப்ரடார் இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டில் ஆண் நாயின் உயரம் 56 முதல் 57 சென்டிமீட்டர் என்று எண் இருக்கிறது. எடைக்கு எண்ணே இல்லை, ‘அகன்ற மார்பு, நல்ல விலாக்கட்டு, திடமான உடல்’ என்ற வகையில் வார்த்தைகள்தான். உயரம் நகர இடமில்லாததால் உடல் பக்கவாட்டில் பருத்தது. ஷோ லாப்ரடார் கட்டை குட்டையாக, கொழுப்புப் படிந்து நிற்கும். வேட்டைக் களத்து வரிசை லாப்ரடார் ஒல்லியாக, கால் நீண்டு, அதே இனமா என்று கேட்க வைக்கும். ‘நல்ல பாடி’ என்று ரிங்கில் பாராட்டப்படுவதில் ஒரு பங்கு வெறும் கொழுப்பு. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி கொடுத்துச் சாகும்வரை கவனித்த ஆய்வின் முடிவு 2002-ல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது.

எண் எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. புல்டாக்குக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டில் எண் போன்ற ஒரு வரி உண்டு: காதுக்கு முன்னால் தலையின் சுற்றளவு குறைந்தது தோள் உயரத்தின் அளவாவது இருக்க வேண்டும். மேல்வரம்பு கிடையாது. தலை பெரிது, இடுப்பெலும்பு குறுகல். குட்டி எப்படி வெளியே வரும்? பிரிட்டனில் 2010-ல் வெளியான கணக்கெடுப்பில் புல்டாக் பிரசவங்களில் 86 சதவீதம் சிசேரியன். 1835-ல் காளையோடு நாயை மோதவிடுவது அங்கே சட்டப்படி தடைசெய்யப்பட்டபின், அந்த நாய்க்கு வேலை என்று எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சியது ரிங் மட்டும்.

டாக்ஸ்ஹுண்டுக்கு மேல்நாட்டு ஸ்டாண்டர்டு பின்னர் ஒரு நல்ல எண்ணைக் கொண்டுவந்தது: மார்புக்கும் தரைக்கும் நடுவே தோள் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். அதற்குமுன் வயிறு தரையைத் தேய்க்கும் அளவுக்குத் தாழ்ந்த நாய்களும் ஜெயித்தன. முதுகுத் தட்டு விலகல் மட்டும் குட்டைக்கால் மரபணுவோடு ஒட்டியே வருவதால் எளிதில் தீராது.

திருத்தமும் ரிங் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. 2008-ல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் வம்ச நாய்களின் நோய்களைக் காட்டியது. அடுத்த ஆண்டிலிருந்து கிரஃப்ட்ஸை ஒளிபரப்பவும் பிபிசி மறுத்தது. 2009-ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பல ஸ்டாண்டர்டுகளை மாற்றி எழுதியது. 2012 கிரஃப்ட்ஸில் 15 இனங்களின் முதலிட நாய்களைக் கால்நடை மருத்துவர் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு விட்டார்கள். புல்டாக், பெக்கினீஸ், பாசெட் ஹவுண்ட், மாஸ்டிஃப், நியாபொலிட்டன் மாஸ்டிஃப், கிளம்பர் ஸ்பேனியல் ஆகிய ஆறும் தேறவில்லை. அன்று காலை நடுவர் முதலிடம் கொடுத்த நாய்கள் அவை. நான் படித்தவற்றில் மனதைத் தைத்த செய்தி இதுதான்.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. 2003 வாக்கில் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு பக் நாய் ஈரோடு, கரூர், திருப்பூர் வீடுகளில் எல்லாம் நுழைந்தது. நாய் உடம்புச் சூட்டை இறக்குவது பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான். முகம் தட்டையாகி மூக்குத் துவாரம் கீற்றாகச் சுருங்கி, உள்ளே மெல்லண்ணம் தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும் நாயால் சூட்டை வெளியேற்ற முடியாது. சித்திரையில் 40 டிகிரி அடிக்கும் ஊரில் மத்தியானம் ஒரு பக் பத்து நிமிடம் வெளியே ஓடினால் போதும், உயிருக்கே ஆபத்து. பக்தான் வேண்டுமென்றால் தாயையும் தகப்பனையும் காலை வெயிலுக்கு முன் மூன்று நிமிடம் துள்ளுநடையில் ஓட்டிப் பாருங்கள். நின்றபின் குறட்டை போலச் சத்தம் கேட்டாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, வாந்தியெடுத்தாலோ அந்தக் குட்டியை எடுக்காதீர்கள். மூச்சுத் திறனைத் தரம்பிரிக்கப் பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களும் மூன்று நிமிட ஓட்டத்தையே சோதனையாக வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டு இனங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று அவை நிற்கும் இடம் புல்டாக் 19-ஆம் நூற்றாண்டில் நின்ற இடம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் தெற்கே உருவானவை. ஆனால் தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டங்களில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். முயல் வேட்டை சட்டப்படி தடை, தடை சரிதான். ஆனால் அதோடு அந்த நாய்களைப் பொறுக்கிய வேலையும் போய்விட்டது. இனி அவற்றின் எலும்பைத் தீர்மானிக்கப் போவது ரிங் மட்டும் என்றால், சிப்பிப்பாறைக்கு வயிறு இன்னும் ஒட்டும், தலை இன்னும் நீளும், எலும்பு இன்னும் மெலியும். ராஜபாளையத்துக்கு உயரப் போட்டி ஏற்கனவே தெரிகிறது.

ராஜபாளையத்தில் நிறத்தின் பாதிப்பும் சேரும். பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு என்று அழகுக்காகப் பொறுக்கும்போது, நிறமி இல்லாத உள்காதோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. நடுவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. செவிட்டு நாய் ரிங்கில் அமைதியாக நின்று மார்க் வாங்கிவிடும். குட்டி ஐந்து ஆறு வாரத்தில் தூங்கும்போது, காற்றும் தரை அதிர்வும் படாத தூரத்தில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். இரண்டு காதும் செவிடான குட்டி இதில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி வீட்டுச் சோதனையில் தப்பிவிடும். அதைக் கருவி வைத்துத்தான் பிடிக்க முடியும்.

இந்த இனங்களுக்கு ஷோவோடு ஓட்டமும் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயிருள்ள முயல் எதுவும் வேண்டாம். மோட்டாரில் சுற்றி இழுக்கும் துணிப்பொட்டலத்தைத் துரத்தவிட்டு, நேரம் குறித்து, அந்த நேரத்தில் தேறிய நாய்க்குத்தான் ரிங்கில் முதலிடம் என்று வைத்தால் போதும். ரேக்ளாவில் 200 மீட்டரும் 300 மீட்டரும் அளந்து ஓட்டும் ஊருக்கு இது பெரிய காரியமில்லை.

சரி, உங்கள் குட்டிக்கு வருவோம். குட்டியைப் பார்ப்பதைவிடத் தாயையும் தகப்பனையும் பார்ப்பதுதான் பலன் தரும். ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சிமெண்டுத் தரையில் நாய் தானாக நான்கு காலும் ஊன்றி நிற்கட்டும். ஹேண்ட்லர் கால் வைக்க விடாதீர்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டின்மேல் மட்டத்தை வைத்துத் தரைவரை அளவெடுங்கள். மார்பெலும்பின் முன்முனையிலிருந்து புட்டத்து எலும்பின் பின்முனைவரை நீளம் எடுங்கள். 62 சென்டிமீட்டர் உயர நாய்க்கு 68 முதல் 72 வரை நீளம் இருந்தால் சரி. 75-ஐத் தாண்டினால் வேண்டாம்.

அடுத்து புட்டத்து எலும்பின் பின்முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்குங்கள். குண்டு பின்பாத விரல்களுக்குச் சற்று முன்னாலோ விரல்மேலோ விழ வேண்டும். பாதம் ஒரு சாண் பின்னால் கிடந்தால், அது ரிங்குக்கு வளர்த்த கால். ஹாக்கிலிருந்து தரைவரை உள்ள எலும்பு நின்றால் செங்குத்தாக நிற்க வேண்டும். முன்னே சாய்ந்து தரைமேல் படுப்பது போலிருந்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு பின்னாலிருந்து நடக்கவிட்டு ஹாக் ஆடுகிறதா என்று பாருங்கள். பின்பாத நகங்களின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நகம் அடியில் தேய்வது இயல்பு, மேல்பக்கம் தேய்ந்திருந்தால் நாய் பாதத்தை இழுத்து நடக்கிறது. ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரித் துள்ளினால் இடுப்பில் வலி இருக்கலாம். பொலேரோ வண்டியின் பின்தட்டுக்குத் தானாக ஏறிக் குதிக்கிறதா என்றும் பாருங்கள். தயங்கித் தயங்கி ஏறும் இளவயது நாய் சந்தேகத்துக்குரியது.

கண்ணால் பார்ப்பதெல்லாம் பாதிதான், மீதி எக்ஸ்ரே. இரண்டு பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். நாயை மயக்கி, மல்லாக்கப் படுக்கவைத்து, தொடை எலும்புகள் இரண்டும் இணையாக, முட்டிச்சில்லு நடுவில் வருமாறு எடுத்த படம்தான் செல்லும்; சாய்ந்து எடுத்த படத்தில் கெட்ட மூட்டும் நல்லதாகத் தெரியும். கிண்ணத்துக்கும் தொடைத்தலைக்கும் அளக்கும் நோர்பெர்க் கோணம் 105 டிகிரியோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. ஏ-யிலிருந்து ஈ வரை தரம் பிரிப்பார்கள். ஏ, பி இரண்டும் போதுமானவை. எக்ஸ்ரே இல்லை, சாம்பியன் சர்டிபிகேட் இருக்கிறது என்று பிரீடர் சொன்னால், அந்தச் சர்டிபிகேட் இடுப்புக்குள் பார்த்துக் கொடுத்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள். கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவுப் பேப்பரும் பரம்பரையைச் சொல்லும், மூட்டைச் சொல்லாது.

2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். குட்டியை எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது. பெண்நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் கிளம்பி வந்துவிடலாம்.

குட்டி வீட்டுக்கு வந்தபின் நாமே கெடுப்பதும் உண்டு. எலும்பு தடிக்கட்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுவது ஷோக்காரர்களிடமிருந்து நம் வீடுகளுக்கு வந்த பழக்கம். ஆறு மாதத்துக்குள்ளான பெரிய இனக் குட்டியின் குடல் மிஞ்சிய கால்சியத்தைத் தள்ளிவிடாது, உடல் உறிஞ்சிவிடும். அதனால் எலும்பு வளர்ச்சி தாறுமாறாகும். பெரிய இனக் குட்டித் தீனியிலேயே தேவையான கால்சியம் இருக்கிறது, மேலே எதுவும் வேண்டாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒல்லியாகவே வளருங்கள். மூன்று மாதம்வரை மாடிப்படி ஏற விடாதீர்கள், வழுக்கும் டைல்ஸில் ஓட விடாதீர்கள். தோட்டத்து மண்ணில் அவிழ்த்துவிட்டால் போதும். நார்வேயில் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததிலும், சின்ன வயதில் படி ஏறிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாகவும், வெளியே மண்ணில் அவிழ்ந்து ஓடியவற்றுக்குக் குறைவாகவும் தெரிந்தது.

ஒரு வயது முடிந்ததும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடுமலைக் கல்லூரிக்கோ கூட்டிப்போய் உங்கள் நாய்க்கும் ஒரு இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். டி அல்லது ஈ என்று வந்தால் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம், எடையைக் குறைத்து வைத்தால் நன்றாகவே வாழும். இணை மட்டும் சேர்க்க வேண்டாம். ஏ என்று வந்து, முதுகு நேராக இருந்து, ஷோவில் கடைசி இடம் வாங்கினாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் குட்டி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.